பெல்லி போர்டு விலை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோவளத்தில் நம் பட்டறை உங்களில் பலருக்குப் பழகிய இடம்தான். ஞாயிற்றுக்கிழமை அலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள் நீங்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த மாதத்திலிருந்து, வயிற்றை வைத்துப் படுத்து அலையில் சறுக்குகிற நம் நாலு அடி மரப்பலகை, அதாவது பெல்லி போர்டு, 4,200 ரூபாயிலிருந்து 4,900 ரூபாய் ஆகிறது. தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், ஓரத்தில் பூசும் எபாக்ஸிப் பிசின், வார்னிஷ் எல்லாமே ஏறிவிட்டன. பலகையின் மூக்கை, அதாவது முன்முனையை, வளைக்கிற வேலையைப் பார்த்துவந்த தச்சர் அண்ணனும் மாடுலர் கிச்சன் வேலைக்குச் சென்னைக்குப் போய்விட்டார். அங்கே கிடைக்கிற கூலியை என்னால் கொடுக்க முடியாது. அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

விலை ஏறியதற்கு யாராவது திட்டினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் சில நாட்களாக வாட்ஸப் குழுக்களில் ஒரு கணக்கு சுற்றுகிறது. "எட்டடிக்கு நாலடி ஷீட்டில் எட்டுப் பலகை வரும். பிளைவுட் கடையிலேயே அறுத்து வாங்கி வார்னிஷ் அடித்தால் முடிந்தது. இதற்குப் போய் நாலாயிரமா?" என்று.

காகிதத்தில் எட்டு வரும், சரி. நான் வாங்குவது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 உள்ள 6 மி.மீ. ஷீட். முத்திரை இருந்தாலும் உள் அடுக்குகளில் அங்கங்கே இடைவெளி இருக்கலாம். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் மாறும். அந்தத் துண்டு அலமாரிக்கு ஆகும், அலைக்கு ஆகாது. மூக்கு வளைக்கும்போது அங்கேதான் படக்கென்று விடும். அப்படிக் கழிந்ததெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

மூக்கு எதற்கு வளைய வேண்டும் என்று கேட்கிறவர் தட்டைப் பலகையில் ஒரு தடவை படுத்துப் பார்க்கட்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நுரை முதுகைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தரையை உதைத்துப் பாய்கிறோம். அலை தள்ளும்போது தட்டைப் பலகையின் முனை தண்ணீருக்குள் குத்தும். மணலில் போய்ச் செருகினால் பின்விளிம்பு வயிற்றில் இறங்கும். அதற்காகத்தான் முன்பக்கத்தை இரவு முழுக்க ஊறவைத்து, ஆவி காட்டி, அச்சில் கிளாம்ப் போட்டுக் காயவிடுகிறோம். கழற்றியதும் மரம் கொஞ்சம் நிமிரும். அதைக் கணக்குப் பண்ணி அச்சையே கூடுதலாக வளைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அது லேசில் காயாது. அப்புறம் ஓரங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பதே ஓரத்தில்தான். அதனால் அங்கே எபாக்ஸி, பிறகு வார்னிஷ், உப்புத்தாள், மறுபடி வார்னிஷ், மறுபடி உப்புத்தாள். இதையெல்லாம் "வார்னிஷ் அடித்தால் முடிந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்தான்.

"இந்தக் காலத்தில் மரம் எதற்கு?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1971-ல் ஹவாயில் டாம் மோரி ஃபோம் போர்டு செய்வதற்கு முன்னால் படுத்து அலையில் சறுக்கியவர்களுக்கு மரம்தான் வழக்கம். ஹவாய்க்காரர்களின் பைப்போ பலகை அப்படித்தான். துப்பறியும் நாவல்கள் எழுதிய அகதா கிறிஸ்டி 1922-ல் தென்னாப்பிரிக்காவின் மியூசன்பர்க்கில் சறுக்கியதும் மெல்லிய மரப்பலகையில்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைகளில் இன்றும் பிளைவுட் பலகையோடு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஃபோம் நல்லது, நன்றாக மிதக்கும், நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் மெல்லிய மரம் அலையோடு வழுக்கும் வேகம் வேறு.

மிக்ஜாம் புயலில் பட்டறைக்குள் தண்ணீர் வந்தபோது ஷீட்டுகளைத் தூக்கிப் பரண்மேல் வைக்க ஓடி வந்தவர்கள் நம் வாடிக்கையாளர்கள்தான். அப்பா வாங்கிய பலகையை இப்போது மகள் எடுத்துக்கொண்டு வருகிறாள். பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷம். உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. புதுப் பையன் ஒருவன் வேலை பழகுகிறான், கை நன்றாக இருக்கிறது. முன்பணம் கட்டியவர்களுக்குப் பலகை பொங்கலுக்குப் பிறகு கிடைக்கும், விலை முன்பணம் கட்டிய அன்றைய விலைதான். பட்டறை எப்போதும்போல் காலை ஆறு மணிக்கே திறந்திருக்கும்.

சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களும் வரலாம். அச்சை இரவலாகத் தருகிறேன், வாடகை வேண்டாம். ஷீட்டை மட்டும் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
பட்டறைக்காரன்