முன்கதவுப் பூட்டு மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

காரைக்குடியில் கரண்ட் போனால் அணில் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம், சரி. ஆனால் 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டபோது, கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் கண்ணெதிரிலேயே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அதை வெளியிலிருந்து இயக்கிய ஹேக்கர் ஆசாமிகள் மாதக்கணக்கில் நெட்வொர்க் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். கூடங்குளத்திலும் 2019-ல் நிர்வாகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தது (உலைக் கட்டுப்பாடு தனி அமைப்பாம், நல்லவேளை). வெளியாட்கள் நெட்வொர்க்குக்குள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலை மட்டும் நம்புவது, செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் பின்கட்டைத் திறந்துபோடுவதுதான். துணைமின் நிலையக் கருவிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கட்டளைகளையே பரிமாறிக்கொள்ளும்; நள்ளிரவில் புதிதாக ஒன்று தலைகாட்டினால் பிடித்துவிடலாம், கவனிக்க ஆள் இருந்தால். நம் மாவட்டத்தில் அப்படிக் கவனிப்பவர் யார் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டுமே.

வாசகர், காரைக்குடி