அந்த ஐடில் பவர் எங்க போச்சு சார்? ப்ராஜெக்ட் கைடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ப்ராஜெக்ட் கைடு சார்களே, மேடம்களே, வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னல்களே,

வணக்கம். வருஷா வருஷம் பசங்க "மானெட்ல எனர்ஜி சேவிங்"னு (மானெட்னா டவர் இல்லாம வயர்லெஸ் கருவிங்களே ஒண்ணுக்கொண்ணு பாக்கெட் கடத்திக்குற அட் ஹாக் நெட்வொர்க்) ஒரு ப்ராஜெக்ட் கொண்டாந்து நீட்டுறாங்க, நீங்களும் கையெழுத்து போடுறீங்க. நானும் அப்படி நீட்டுன ஆளுதான். ஏஓடிவின்னு பாக்கெட்டுக்கு வழி தேடுற ரூட்டிங் முறைய எடுத்து, பேட்டரி கம்மியா இருக்குற நோடு (அந்த கருவிதான்) வழியா பாக்கெட் போகாத மாதிரி லேசா மாத்தி, என்எஸ்-2ங்குற சிமுலேட்டர்ல 50 நோடு ஓடவிட்டு ரெண்டு கோடு போட்ட ஒரு கிராஃப், நம்ம கோடு மேல, பழைய ஏஓடிவி கீழ. எக்ஸ்டர்னல் "குட்"னு சொல்லிட்டு டீ குடிக்க கிளம்பிட்டாரு.

ரொம்ப நாள் கழிச்சு வேற எதுக்கோ என்எஸ்-2 சோர்ஸைத் திறந்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. சிமுலேஷனை ஓட்டுற டிசிஎல் ஸ்கிரிப்ட்ல ஐடில் பவர்னு (நோடு சும்மா இருக்கும்போது செலவாகுற பவர்) எதுவும் குடுக்கலன்னா அது 0.0னு எடுத்துக்குது. அனுப்ப 0.660 வாட், வாங்க 0.395, சும்மா இருந்தா பூஜ்யம்! (பக்கத்துலயே ஐடிலுக்கு 0.035னு ஒரு வரி வேலை செய்யாம கமெண்ட் ஆகி கிடக்குது, அது தனி வயித்தெரிச்சல்.) என் ஸ்கிரிப்ட்ல குடுக்கல. சீனியர்ட்ட சுட்டது, அவரு அவரோட சீனியர்ட்ட சுட்டது.

நிஜ வைஃபை கார்டு அப்படியா இருக்கு? 2001ல ஸ்வீடன்ல ஃபீனி, நில்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு 11 எம்பிபிஎஸ் கார்டை அளந்து பாத்தாங்க. அனுப்பும்போது 284 மில்லிஆம்பியர், வாங்கும்போது 190, சும்மா இருக்கும்போது 156, தூங்குனா 10. டவரும் இல்ல, ஆக்சஸ் பாயின்ட்டும் இல்ல, எவன் எப்ப கூப்பிடுவான்னு தெரியாது, அதனால அட் ஹாக்ல ஒவ்வொரு நோடும் நாள் பூரா காதைத் தீட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கணும், அதுக்கே அனுப்புறதுல பாதிக்கு மேல போயிடுது. ரூட்டை எவ்ளோ அழகா மாத்துனாலும் அந்த 156 அசையாது சார்.

மிச்சம் பிடிக்கணும்னா தூங்க வைக்கணும். அதுதான் கஷ்டமே, எல்லாம் தூங்கிட்டா வழி கேட்டு வர்ற ரூட் ரெக்வஸ்ட் யார் காதுல விழும்? வைஃபையோட 802.11 ஸ்டாண்டர்ட்ல ஒரு வழி இருக்கு, பீக்கன் (குறிச்ச இடைவெளில வர்ற சிக்னல்) நேரத்துக்கு எல்லா நோடும் முழிச்சு, யாருக்கு பாக்கெட் இருக்குன்னு கேட்டுட்டு, வேலை இல்லாதது திரும்ப தூங்கிடும். ஆனா பீக்கன் இடைவெளி வழக்கமா 100 மில்லிசெகண்ட் சொச்சம், நாலஞ்சு ஹாப் (ஒரு நோடுல இருந்து அடுத்த நோடுக்கு ஒரு தாவல்) போனா ஒவ்வொரு எடத்துலயும் காத்திருக்க வேண்டி வரலாம். அதே 2001ல எம்ஐடில ஸ்பேன்னு ஒண்ணு பண்ணாங்க, ஊர்க்காவலுக்கு முறை போடுற மாதிரி கொஞ்சம் நோடு மட்டும் முழிச்சிருக்கும், மத்தது தூங்கும், அப்புறம் ஆள் மாறும், பேட்டரி கூட இருக்குறது முன்னாடி வரும். எனக்கு பிடிச்சது இதுதான்.

அதனால கேக்குறது இவ்ளோதான். அடுத்த வைவால கிராஃபைப் பாக்குறதுக்கு முன்னாடி "ஐடில் பவர் எவ்ளோ போட்டே தம்பி?"னு ஒரு கேள்வி கேளுங்க. பையன் முழிச்சான்னா திருப்பி அனுப்புங்க, திட்டாதீங்க, ஸ்கிரிப்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மொத்த ஜூல் கணக்கோட நிறுத்தாம முதல் நோடு எப்ப செத்துச்சுன்னும் கேளுங்க, நடுவுல மாட்டுன ஒரு நோடு போனாலே நெட்வொர்க் ரெண்டா உடைஞ்சிடலாம்.

போன மாசம் என் பழைய ஸ்கிரிப்டைத் தூசி தட்டி, ஐடிலுக்கு அந்த கார்டு கணக்குல ஒரு நம்பர் போட்டு ஓட்டிப் பாத்தேன். ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இந்த கிராஃபைக் கொண்டாந்திருந்தா மார்க் போட்டிருப்பீங்களா சார்?

இப்படிக்கு,
பழைய கிராஃபை வெச்சு பாஸ் ஆன ஒருத்தன்