தூண்டில் ரீல்களுக்குப் பராமரிப்பும் உதிரிப்பாகமும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களின் மீன்பிடி மேடைகளில் இளையர் கூட்டம் பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. அவர்களில் பலரிடம் இப்போது இருப்பது, ஐம்பது வெள்ளிக்கும் குறைவான விலையில் இணையத்தில் வாங்கிய பெய்ட்காஸ்டிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவிகளில் ஒரு வகை). சில வாரங்களுக்குள் “இது சரிப்பட்டு வராது” என்று அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்குவதும், பழையது குப்பைத் தொட்டிக்குப் போவதும் வழக்கமாகி வருகிறது. அப்படி ஒதுக்கப்பட்டு என் கைக்கு வந்த ரீல்களில் பெரும்பாலானவை கெட்டுப்போகவே இல்லை; சரியாக அமைக்காமலும் துடைத்து எண்ணெய் இடாமலும் விடப்பட்டவையே அவை. இதில் வாங்குபவருக்கு மட்டுமின்றி விற்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நீர்த்தேக்கங்களில் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே, அதுவும் செயற்கை இரையைக் கொண்டு மட்டுமே மீன்பிடிக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதிக்கிறது. செயற்கை இரையை ஓயாமல் வீசுவதும் சுற்றி இழுப்பதுமாக இருக்க வேண்டியிருப்பதால், பீகாக் பாஸ், தோமான் போன்ற மீன்களை நாடிச் செல்வோர் இவ்வகை ரீலை விரும்புகின்றனர். சாதாரண ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வழுவிப் போகும். பெய்ட்காஸ்டிங் ரீலிலோ ஸ்பூலே சுழன்று நரம்பை விடுகிறது. இரை காற்றில் வேகம் தணிந்த பின்னும் ஸ்பூல் முன்பிருந்த வேகத்திலேயே சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு ஸ்பூலின்மேலேயே சுருண்டு பெருஞ்சிக்காகிவிடும். புதியவர்கள் சொல்லும் புகார்களில் முக்கால்வாசி இந்தச் சிக்கைப் பற்றியதே. இருநூறு வெள்ளி ரீலும் அமைக்கத் தெரியாதவர் கையில் இதே சிக்கைத்தான் தரும்.

அமைப்பது கடினமன்று. கைப்பிடிப் பக்கத்தில், நட்சத்திர வடிவ டிராக் சக்கரத்தை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தோடு வெளியேற வேண்டும் என்பதை அமைப்பது) ஒட்டியிருக்கும் சிறு குமிழ், ஸ்பூலின் அச்சை அழுத்திப் பிடிப்பது. கோல்நுனியில் இரையைத் தொங்கவிட்டு, கட்டைவிரல் பட்டையை அழுத்தி ஸ்பூலை விடுவித்தால், இரை நிதானமாக இறங்க வேண்டும். அது தரையைத் தொடும் கணத்தில் ஸ்பூலும் நின்றுவிட வேண்டும். அதுவரை குமிழை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்துகொள்ள வேண்டும். இரையை மாற்றினால் எடையும் மாறுவதால் இதை மறுபடியும் செய்தாக வேண்டும். எதிர்ப்பக்கத்தில் எண்கள் பொறித்த வட்டு, பெரும்பாலான மலிவு ரீல்களில், காந்த பிரேக்குக்கு உரியது. காந்தங்கள் ஸ்பூலைத் தொடுவதே இல்லை. சுழலும் அலுமினிய ஸ்பூலில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதன் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. புதியவர் அந்த வட்டை உச்ச எண்ணுக்கு அருகில் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வோர் எண்ணாகக் குறைத்துக்கொள்வது நல்லது. எதிர்க்காற்று வீசும் நாளில் மறுபடியும் கூட்ட வேண்டியிருக்கும். வட்டை எவ்வளவு திருப்பியும் மாற்றமே தெரியவில்லை என்றால் பக்கமூடியைக் கழற்றிப் பாருங்கள். பசை விட்டுப்போய்க் காந்தம் இடம் பெயர்ந்திருக்கக்கூடும். ஏழு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள இரையை மலிவு ரீலில் வீச முயல்வது வீண். பத்து முதல் பதினான்கு கிராம் இரையோடு பழகுவதே எளிது. நரம்பையும் ஸ்பூலின் விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்துச் சுற்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கு விழத்தான் செய்யும். லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் அண்மையில் ஓர் இளையர் சிக்கிய நரம்பை முழுவதுமாக அறுத்து மேடையின் ஓரத்தில் போட்டுவிட்டுப் புறப்பட ஆயத்தமானார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, அறுக்காதீங்க, இப்படிக் கொடுங்க” என்று ரீலை வாங்கினார். டிராக் சக்கரத்தை முழுதும் இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றினார். பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை மெல்ல இழுத்தார். அது தடைப்பட்ட இடத்தில் மறுபடியும் விரலை அழுத்திச் சுற்றினார். உள்ளே மடங்கிக் கிடந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, நரம்பு முழுவதும் வெளியே வந்தது. இதை அறிந்திருந்தால் பணம் மிச்சம் என்பதோடு, மேடையில் நரம்புக் குப்பையும் விழாது. நைலான் நரம்பு மக்குவதற்கு நெடுங்காலம் ஆகும். அதற்குள் பறவையின் காலிலோ நீர்நாயின் கழுத்திலோ அது சுற்றிக்கொள்ளும்.

சாங்கியிலும் பாசிர் ரிஸ்ஸிலும் கடலில் மீன்பிடிப்போர்க்கு வேறொரு தொல்லை, உப்பு. வீட்டுக்குத் திரும்பியதும் ஈர ரீலைப் பையிலேயே போட்டு வைத்தால், நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது உலரவே உலராது. சில நாளில் நரம்பை இடவலமாக நகர்த்தும் திருகுத் தண்டின் பள்ளங்களில் வெள்ளை உப்புப் பொடி படியும். மூடப்படாத எஃகு பேரிங்குகளில் துரு ஏறி, கைப்பிடியைச் சுற்றும்போது மணலை அரைப்பதைப் போன்ற ஒலி கேட்கும். குழாயை வேகமாகத் திறந்து ரீலை அதனடியில் காட்டுவது நிலைமையை மோசமாக்கும், ஏனெனில் நீரின் விசை உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக் தகடுகளுக்குள் நீர் புகாதபடி நட்சத்திரச் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு, மெல்லிய தாரையில் நல்ல தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். உலர்ந்ததும் அதே சக்கரத்தைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியே வைத்தால் தகடுகள் நசுங்கி, பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு விட்டுவிட்டுப் போகும்.

எண்ணெய் இடுவதில்தான் பலர் அளவு மீறுகின்றனர். இவ்வகைப் பல்சக்கர ரீலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உருவாக்கியவராக அறியப்படும் ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக் கைவினைஞர். கடிகாரத்துக்கு விடும் அளவு எண்ணெயே இதற்கும் போதும். ஸ்பூல் பேரிங் ஒவ்வொன்றுக்கும் இலகுவான எண்ணெய் ஒரு துளி. திருகுத் தண்டுக்கு ஒன்றிரண்டு துளி. உள்ளிருக்கும் பற்சக்கரங்களுக்கு மட்டும் மெல்லிய படலமாகக் கிரீஸ். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் புகுந்தால் அதன் உருளைகள் பிடிமானம் இழந்து, மீனைக் கொக்கியில் மாட்ட இழுக்கும்போது கைப்பிடி பின்னால் நழுவும். ரீல் உடைந்துவிட்டது என்று பலர் முடிவு செய்வது இந்தக் கட்டத்தில்தான். அந்த பேரிங்கை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் கழுவி உலர்த்தி, பெயரளவுக்கு எண்ணெய் தடவிப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழற்றும்போது வெள்ளைத் துணி விரித்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது அவசியம். உள்ளிருக்கும் சுருள்வில்கள் துள்ளி விழுந்தால் தேடிப் பிடிப்பது அரிது.

எவ்வளவு பேணினாலும் தேயும் பாகமும் உண்டு. திருகுத் தண்டின் பள்ளத்தில் ஓடும் சிறு உலோக நாக்கு தேய்ந்தால் நரம்பு ஒரே பக்கமாகக் குவியும். அதை மாற்றச் சிறு மூடி ஒன்றைத் திருகிக் கழற்றினால் போதும், சில நிமிட வேலை. அந்த நாக்கு ஒன்றை வாங்க நான் சென்ற கடையில், “இதற்கெல்லாம் உதிரிப்பாகம் வராது, புதிய ரீலே வாங்கிவிடுங்கள்” என்றார்கள். நூற்றுக்கணக்கில் விற்கும் ஒரு ரீலுக்கு நாக்கும், ஒருவழி பேரிங்கும், ஒரு சோடி ஸ்பூல் பேரிங்கும் கையிருப்பில் இல்லை என்பது ஏற்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. 1999இல் செயல்படத் தொடங்கிய செமக்காவ் குப்பை நிரப்பு நிலம் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ள ஒரு தீவில், ஒரு சிறு நாக்குக்காக முழு ரீலையும் எறியச் சொல்வது முறையாகாது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ரீல் விற்கும் கடைகள், தாங்கள் அதிகம் விற்கும் வகைகளுக்கேனும் இந்த மூன்று பாகங்களை வைத்திருக்க வேண்டும். விற்கும்போது குமிழையும் வட்டையும் எப்படி அமைப்பது என்று வாங்குபவர் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சமூக மன்றங்கள், 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற பழுதுபார்ப்பு முயற்சியின் தொண்டூழியர்கள் வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கக் கற்றுத் தருவதைப் போல, தூண்டில் ரீல்களுக்கும் விடுமுறைக் காலங்களில் அரைநாள் பயிலரங்கு நடத்தலாம். அனுபவமுள்ள மூத்தோர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். அத்தகைய பயிலரங்கு ஈசூன் வட்டாரத்தில் நடைபெறுமாயின், திருப்புளியும் எண்ணெயும் கொண்டுவந்து உதவ நானும் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈசூன்