பின்னிரவில் நீக்கப்படும் பதிவுகள்: சமூக வலைத்தள நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் அவதிப்படுவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இணையக் குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக, பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநராக இருக்கிறேன். ஊதியமில்லாத பணிதான், மனமுவந்தே செய்கிறேன். வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூசுகிற வேதனையை முகம் தெரியாத ஒருவரிடம் சொல்ல முடிகிறது என்பதையும், அந்த வாய்ப்பை உங்கள் தளங்களே தந்தன என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஓர் இரவு, மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. “யாராவது விழித்திருக்கிறீர்களா? இனி என்னால் முடியவில்லை” என்று உறுப்பினர் ஒருவர் எழுதினார். “விழித்திருக்கிறேன், சொல்லுங்கள்” என்று தட்டச்சு செய்து நான் அனுப்புவதற்குள் அந்தப் பதிவு காணாமல் போயிருந்தது. பதிவுகளைத் தானாகவே சோதித்து நீக்கும் மென்பொருளான தானியங்கி வடிகட்டி அதை விதிமீறல் என்று எடுத்துக்கொண்டு நீக்கியதோடு, அவருடைய கணக்கையும் முடக்கிவிட்டது. புனைபெயரைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தளத்துக்கு நாங்கள் அனுப்பிய முறையீடுகளுக்கு, “உங்கள் கருத்துக்கு நன்றி” என்ற ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. பதினோரு நாள் கழித்து அவர் வேறொரு கணக்கில் வந்தார். “நான் புலம்புவது உங்களுக்குப் பிடிக்காமல் நீங்களே நீக்கிவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்” என்றார். அந்தப் பதினோரு நாளும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தற்கொலை முறைகளை விவரிக்கும் பதிவுகளையும், அதைப் பெருமையாகச் சித்திரிக்கும் படங்களையும் கண்ட மாத்திரத்தில் நீக்கத்தான் வேண்டும். எங்கள் குழுவிலும் அதுதான் விதி. ஆனால் தீங்கைப் பரப்புகிறவரையும் உதவி கேட்டுக் கை நீட்டுகிறவரையும் ஒரே தட்டில் வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு? தற்கொலை எண்ணத்தைப் பற்றி ஒருவரிடம் நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் அவருக்குள் விதைக்கப்பட்டுவிடும் என்பது தவறான நம்பிக்கை என்று மனநலத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று, அத்தகைய எண்ணம் வந்தும் அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானதை அடுத்துத் தற்கொலைகள் குறைந்திருந்ததைக் காட்டியது. உங்கள் வடிகட்டியோ, “மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் சாக நினைத்தேன், இன்று இருக்கிறேன்” என்று எழுதுகிறவரின் பதிவையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகிறது.

இந்தப் பணிக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1953இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு தொலைபேசி வழியே துயரம் கேட்டது. 1994இலேயே மின்னஞ்சலிலும் பதில் எழுதத் தொடங்கிவிட்டது. உங்கள் நிறுவனங்களில் பெரும்பாலானவை அன்று பிறக்கவே இல்லை. பேச வந்தவரைப் பேச விடுவதுதான் அவர்கள் வேலையின் அடித்தளம். அதைக் கற்றுக்கொள்ளப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். உயிர் ஆபத்தைக் குறிக்கும் பதிவு ஒன்றை வடிகட்டி பிடிக்கும்போது, கணக்கை முடக்காமல், பொதுப் பார்வையிலிருந்து மட்டும் அதை விலக்கி, குழுவின் மட்டுறுத்துநர்களுக்கும் பயிற்சி பெற்ற உங்கள் பணியாளர் ஒருவருக்கும் உடனே காட்டுங்கள். பதிவு ஏன் மறைக்கப்பட்டது என்பதை எழுதியவருக்கு எளிய சொற்களில், அவருடைய மொழியிலேயே தெரிவியுங்கள். உதவி எண்ணைத் தருவது நல்லதுதான். ஆனால் பேசிக்கொண்டிருந்தவரின் வாயை அடைத்துவிட்டு எண்ணை மட்டும் நீட்டினால், அது அவருக்குக் கதவைச் சாத்தியது போலத்தான் படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் தகவல்களை விளம்பர நோக்கில் பிற நிறுவனங்களுடன் பகிர்ந்தது என்ற புகாரில், 2023இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 78 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அந்தச் செய்தி வந்த வாரம், எங்கள் குழுவில் பலர் தங்கள் பழைய பதிவுகளைத் தாங்களே ஒவ்வொன்றாக அழித்தார்கள். துயரக் குழுக்களில் எழுதப்படும் ஒரு சொல்லும் விளம்பரத்துக்குப் பயன்படாது என்று நீங்கள் எழுத்துமூலம் உறுதி அளிக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பலர் இரவு முழுக்கப் பிறர் துயரத்தைப் படித்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறவர்கள். சிலர் சொல்லாமலே விலகிவிட்டார்கள். நெருக்கடி நேரத்தில் உங்கள் பக்கத்திலிருந்து பெயர் சொல்லிப் பேசக்கூடிய ஒரு மனிதரை எங்களுக்குக் காட்டுங்கள். அன்றிரவு அப்படி ஒருவர் இருந்திருந்தால், பத்து நிமிடத்தில் அந்தக் கணக்கைத் திறந்திருக்கலாம்.

உங்கள் பதிலை எதிர்நோக்கி,
ஒரு குழுவின் மட்டுறுத்துநர்