அந்த போல்ட் எத்தனை வருஷத்துப் பழசு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் பாறையேற்றம் பற்றி வந்த கட்டுரையை எங்கள் குழுவில் ஐந்து பேரும் படித்தோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்ந்தபோதுகூடத் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதற்கு நன்றி. ஆனால் ஒரு வரி நெருடிக்கொண்டே இருக்கிறது. பாறையில் போல்ட்டுகள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருப்பதால், அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுகிற ஸ்போர்ட் கிளைம்பிங்கில் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. அந்த ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை நம்பி யாராவது ஆளில்லாத ஒரு சின்னப் பாறையில் ஏறிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஓசூரில் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறேன். போல்ட்டும் நட்டும் அன்றாடம் கையில் புழங்குகிறவை. பாறை ஏறக் கற்றுக்கொண்டது ராமநகராவில். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பெங்களூர்க்காரர்கள் கயிறும் இடுப்பில் மாட்டுகிற ஹார்னஸுமாக வந்து நிற்பார்கள். போல்ட்டில் மாட்டியிருக்கிற உலோகத் தகடான ஹேங்கர் ஒன்று ஆடினால் அடுத்த வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாதாமியும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிற இடம், பல பேர் கண் பட்டுக்கொண்டே இருக்கும்.

நான் சொல்ல வருவது வேறு மாதிரிப் பாறை. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பின்னால் இருக்கிறது. மொத்தமே பதினைந்து மீட்டர் உயரம், நான்கே ரூட், அதாவது ஏறும் வழி. வருஷத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். எப்போதோ முகாம் நடத்த வந்தவர்கள் போல்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த வருஷம், எந்த வகைப் போல்ட், எவ்வளவு ஆழத் துளை, எதற்கும் குறிப்பு இல்லை. ஊரில் கேட்டால், “அப்போ என் பையன் சின்னப் பையன்” என்கிறார்கள்.

ஜனவரியில் அங்கே மூன்றாவது ரூட்டில் ஏறினேன். இரண்டாவது போல்ட்டில், கயிற்றை ஹேங்கரோடு இணைக்கிற குயிக்டிராவை மாட்டப் போகும்போது ஹேங்கர் விரல் பட்டதும் சுற்றியது. அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பாறையில் காவி நிறக் கோடு, மழைத் தண்ணீரோடு துரு இறங்கிய தடம். ஹேங்கரில் 22 என்று முத்திரை குத்தியிருந்தது. 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் டன் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் அந்த எண் ஹேங்கர் கடைக்கு வந்த அன்றைக்கு உள்ள பலம். அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுக்கோ, போல்ட்டைப் பிடித்திருக்கிற கல்லுக்கோ அது பொறுப்பல்ல. நான் மெதுவாக இறங்கிவிட்டேன்.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் கல்குவாரியில் வேலை பார்த்தவராம். “தம்பி, அந்தச் சுத்தியலைக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டு, பாறையில் கைக்கு எட்டிய இடமெல்லாம் தட்டிக்கொண்டே வந்தார். முதல் ரூட் அடியில் ‘ணங்’ என்று கணீரென்ற சத்தம். மூன்றாவது ரூட் பக்கம் வந்ததும் ‘பொத்’ என்றது. இன்னொரு முறை தட்டிக் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். “உள்ள பொக்கையா இருக்கு தம்பி. மேல் பத்தை தனியா நிக்குது. நீங்க தொங்குறது மலையில இல்ல, பத்தையில” என்றார்.

ஸ்தபதிகள் சிலைக்குக் கல் எடுக்கும்போதும் இப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள். வெண்கல மணிபோல் ஒலிப்பதை ஆண்கல் என்பார்கள். நம் பக்கத்துக் கருங்கல் பாறைகள் வெயிலிலும் குளிரிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரியும். அப்படி உரிந்து நிற்கிற பத்தையில் எவ்வளவு நல்ல போல்ட்டை அடித்தாலும் பத்தையே பெயர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது? துளை போடுவதற்கு முன்னால் தட்டிக் கேட்க வேண்டும் என்று ராமநகராவில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சத்தத்தின் வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உண்மையில் புரிந்தது.

ஸ்டெயின்லெஸ் போட்டுவிட்டால் கவலையில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். துத்தநாக முலாம் பூசிய இரும்பைவிட அது எவ்வளவோ மேல், சரி. ஆனால் தாய்லாந்தின் ரைலேயில் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் அடித்த ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் சில வருஷங்களிலேயே வெடிப்பு விட்டு ஒடிந்தன. வெளியே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும். கடைசியில் அங்கே டைட்டானியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதிக்க வேண்டியதாயிற்று. இங்கே உப்புக் காற்று இல்லை, நிலைமை அவ்வளவு மோசமும் இல்லை. ஆனால் இங்கே நான் பார்த்தது வேறு ஒரு தப்பு. இரும்புப் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் ஹேங்கரை மாட்டியிருந்தார்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் மட்டமானது சீக்கிரம் அரிக்கும். எங்கள் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூட இது தெரியும்.

அதனால் சின்னப் பாறைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முடிந்தால் பின்பக்கமாக நடந்து உச்சிக்குப் போய், அசையாத பெரிய கல்லிலோ நல்ல மரத்திலோ கயிறு கட்டி, முதலில் இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஹேங்கரையும் கையால் ஆட்டுங்கள், சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் ஸ்பேனரால் அளவாக முடுக்கலாம். ஆனால் துருவேறிய போல்ட்டை முடுக்கினால் ஒடியும், அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. சந்தேகம் இருந்தால் மேலிருந்து கட்டிய கயிற்றிலேயே ஏறிவிட்டு வாருங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அங்கே விழுந்தால் 108-க்குச் சொல்லவே சிக்னல் தேடி அரை மைல் ஓட வேண்டும்.

போல்ட் அடிக்கிறவர்களுக்கும் ஒன்று. அடித்த தேதியையும் போல்ட்டின் வகையையும் ஒரு தாளில் எழுதி ஊரில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அடிப்பதற்கு முன்னால் ஊரைக் கேளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லப்பாடி மாதிரி வெள்ளை நிறப் பாறை ஓவியங்கள் உள்ள இடங்கள் இருக்கின்றன. வழுக்காமல் இருக்க நம் கையில் பூசுகிற சாக் பொடியும் வெள்ளைதான். அப்படிப்பட்ட இடத்தில் துளையும் வேண்டாம், சாக் பொடியும் வேண்டாம். பெருந்தேனீ கூடு கட்டியிருந்தால் அது கலைந்து போகும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்த மாதம் நாங்கள் ஐந்து பேரும் காசு போட்டு முதல் இரண்டு ரூட்டுக்கு 12 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஹேங்கரும் வாங்கப் போகிறோம். உச்சியில் இரண்டிரண்டு போல்ட், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும்படி. துளை எங்கே என்று தட்டிச் சொல்ல அந்தப் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ரூட்டில் இப்போது சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போகிற வாசகர்கள் யாரும் தயவுசெய்து அதில் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்