இந்த ஆட்டம் வேறு

லீட்ஸ், இங்கிலாந்து,
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "இங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது" என்று சென்ற கடிதத்தில் நான் எழுதியதற்கு, அது என்ன ஆட்டம், யார் ஆடுகிறார்கள் என்று கேலியாகக் கேட்டிருந்தீர்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலுள்ள பருவத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் அது. எழுதும்போது அதன் கடைசியில் ஒரு னகரம் வரும். ஆனால் எவரும் அதை ஒலிப்பதில்லை. 'ஆட்டம்னல்' என்று அடைமொழியாக்கும்போது மட்டும் அந்த ஊமை எழுத்துக்கு வாய் திறக்கிறது.

இப்போது பீச் மரங்களும் செஸ்ட்நட் மரங்களும் மஞ்சளும் செம்பழுப்புமாக நிற்கின்றன. பகல் குறையக் குறைய மரம் தன் இலைகளிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து அதிலிருக்கும் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள, அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்த நாட்களில் புதிதாக உண்டாவது. பிறகு காம்பின் அடியில் மெல்லிய பிரிவுப்படலம் ஒன்று தோன்ற, சிறு காற்றே இலையைக் கழற்றப் போதுமானதாகிவிடுகிறது. இவ்வளவு பெரிய மாற்றம் கண்ணெதிரே நடக்கும் நாட்டில் இந்தப் பருவத்துக்குத் தொன்றுதொட்டு ஒரு பெயர் நிலைத்திருக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நூலகத்தில் சில மாலைகளைச் செலவிட்ட பிறகு, இதன் கதை அப்படி இல்லை என்று தெரிந்தது.

ஏறத்தாழ கி.பி. 98இல் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய உரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அவர்களுக்குக் குளிர்காலமும் வசந்தமும் கோடையும் தெரியும், இலையுதிர் காலத்தின் பெயரும் தெரியாது, அதன் விளைபொருள்களும் தெரியாது என்கிறார். திராட்சைத் தோட்டங்களுக்குப் பழகிய ஒருவரின் ஏளனமாகவே இது எனக்குப் படுகிறது. ஆயினும் ஆங்கிலேயரின் ஜெர்மானிய முன்னோர் ஆண்டைக் கோடை, குளிர் என்று இரண்டாகவே பிரித்தனர் என்று 8ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவியும் எழுதியிருப்பதால், டாசிட்டஸின் கூற்றை முற்றிலும் தள்ளிவிடவும் முடியவில்லை.

பிற்காலத்தில் இப்பருவத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர், இன்று நாம் அறுவடை என்ற பொருளில் மட்டுமே அறிந்திருக்கும் 'ஹார்வெஸ்ட்'. ஜெர்மானியர் இன்றும் இப்பருவத்தை 'ஹெர்ப்ஸ்ட்' என்றும், டச்சுக்காரர் 'ஹெர்ஃப்ஸ்ட்' என்றும் அழைப்பது அதே சொல்லின் உறவுதான். பறித்தலைக் குறிக்கும் இலத்தீனின் 'கார்பெரே', கனியைக் குறிக்கும் கிரேக்கத்தின் 'கார்போஸ்' ஆகியவையும் இதே வேரைச் சேர்ந்தவை என்கிறார்கள். மரத்தையோ வானத்தையோ பார்த்து வைத்த பெயரன்று அது. வயலில் குனிந்து நின்றவன் தன் வேலையைக் கொண்டு காலத்துக்கு இட்ட பெயர். அயர்லாந்தில் இந்த வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது: 'ஃபோவர்' என்ற ஒரே சொல் அங்கே அறுவடையையும் இப்பருவத்தையும் குறிக்கிறது, அவர்கள் மொழியில் செப்டம்பர் மாதத்துக்கு நடு அறுவடை என்றும், அக்டோபருக்கு அறுவடை முடிவு என்றும் பெயர்.

'ஆட்டம்' என்ற சொல், பிரெஞ்சு வழியாக, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்துக்குள் வந்தது; அக்காலக் கவிஞர் சாசரின் எழுத்தில் அதைக் காணலாம். பிரெஞ்சுக்காரருக்கு அதைக் கொடுத்தது இலத்தீனின் 'அவுட்டும்னுஸ்'. அதற்கு மூலம் எது? பெருகுதலைக் குறிக்கும் 'அவுகெரே' என்ற வினையிலிருந்து வந்ததென்று உரோமானியர் எண்ணி, அதற்கேற்ப எழுத்துக்கூட்டலையும் சிலர் மாற்றி எழுதினர். இன்றைய மொழியியலாளர் அதை ஏற்பதில்லை. இத்தாலியில் உரோமானியருக்கு முன்பே செழித்திருந்த எட்ருஸ்கர் மொழியிலிருந்து பெற்ற கடனாக இருக்கலாம் என்பது அவர்களுள் சிலரின் ஊகம். ஆக, பொருள் தெளிவாயிருந்த உள்ளூர்ச் சொல்லைத் தானிய வேலைக்கு ஒதுக்கிவிட்டு, வேர்ப்பொருள் எவருக்கும் உறுதியாகத் தெரியாத வந்தேறிச் சொல்லைப் பருவத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். மக்கள் வயலை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்ததே இதற்குக் காரணம் என்று சொல்வார்கள். எனக்கோ, பிரெஞ்சும் இலத்தீனும் கற்றோரின் மொழிகளாக இங்கே பெற்றிருந்த மதிப்புக்கும் இதில் பங்கிருக்கும் என்று தோன்றுகிறது.

அமெரிக்கர் சொல்லும் 'ஃபால்' இன்னும் சுவையானது. என்னோடு வேலை செய்பவர்கள் அதை அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அது இங்கிலாந்திலேயே பிறந்த சொல். 1545இல் வில்வித்தை பற்றி நூல் எழுதிய ரோஜர் ஆஸ்கம், பருவங்களை வரிசைப்படுத்தும்போது கோடைக்கு அடுத்ததை 'இலையின் வீழ்ச்சி' என்றே குறித்தார். இவர் நான் வாழும் இதே யார்க்‌ஷயரைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லியும் அலுவலகத்தில் ஒருவரும் அசையவில்லை. அந்தத் தொடர் 17ஆம் நூற்றாண்டில் 'ஃபால்' என்று சுருங்கி, குடியேறிகளோடு கடல் கடந்து, அங்கே நிலைத்தது; பிறந்த மண்ணில் வழக்கிழந்தது. பக்கத்து வீட்டு முதியவர் இவ்விரண்டையும் விட்டுவிட்டு, வடக்கத்திய வழக்கப்படி 'பேக் எண்ட்' என்கிறார். ஆண்டின் பின்கடை என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இப்பருவம் தொடங்கும் நாளிலும் ஒற்றுமை இல்லை. வானிலைத் துறையினருக்குச் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை. வானியலைப் பின்பற்றுவோருக்கு இரவும் பகலும் ஏறக்குறைய சமமாகும் செப்டம்பர் 22 அல்லது 23 முதல் டிசம்பர் 21 அல்லது 22 வரை. ஆஸ்திரேலியாவில் இதே பெயர் மார்ச் முதல் மே வரை செல்லும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. வார இறுதியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் குழந்தைகளுக்குப் பருவங்களின் படம் ஒன்று தயாரிக்கிறேன். பாடநூல்களில் உள்ளபடி 'இலையுதிர் காலம்' என்று எழுதினால் அது இந்த ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் வானிலைத் துறையினரின் மாதக் கணக்கில் பார்த்தால் இது ஆவணிப் பிற்பாதியில் தொடங்கிக் கார்த்திகை நடுவில் முடிவதால், நம் கார்காலத்தின் பிற்பகுதியும் அதையடுத்த கூதிர்காலத்தின் பெரும்பகுதியும் இதற்குள் அடங்குகின்றன. வாடையும் தூறலுமாக இருக்கும் இந்த ஊரின் அக்டோபரைக் 'கூதிர்' என்று சொல்லிக்கொடுக்க எனக்கு ஆசைதான். நம் ஆறு பருவங்களை இங்குள்ள நான்கோடு இப்படிப் பொருத்துவது முறையா, இரண்டையும் தனித்தனிப் படங்களாக வைப்பதுதான் சரியா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை படத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்