பெயர் கேட்டதும் மறுக்கப்படும் வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் 'டூ-லெட்' பலகையைப் பார்த்து ஒரு முஸ்லிம் போன் செய்தால், பெயரைச் சொல்லும்வரை பேச்சு நன்றாகவே போகிறது. வாடகை, அட்வான்ஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். பெயரைக் கேட்டதும் "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்று பதில் வரும். பலகை அங்கேயேதான் தொங்கும். சில புரோக்கர்கள், உரிமையாளரைக் கேட்காமலேயே "அந்த ஏரியாவுல பாய்க்குக் கிடைக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அசைவம் சமைப்பார்கள் என்பது வழக்கமான காரணம். தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஞாயிறுதோறும் மீன் குழம்பு வைக்கும் வீட்டுக்காரரும் இதே காரணத்தைச் சொல்வது என்ன நியாயம்?

டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, பெயரைக் கேட்டு வீடு மறுக்கப்படுவதை உறுதிப்படுத்தியது. உயர்சாதிப் பெயர்களுக்கு எளிதாகக் கிடைத்த வீடுகள் தலித்துகளுக்கு மறுக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகமாக மறுக்கப்பட்டன.

மறுக்கப்பட்டவர்கள் திருவல்லிக்கேணி, மண்ணடி என்று தங்களை ஏற்கும் தெருக்களுக்கே போகிறார்கள். பிறகு "இவங்க எப்பவும் கூட்டமாத்தான் இருப்பாங்க" என்ற பழியும் அவர்கள் மேலேயே விழுகிறது. சில வங்கிகள் இத்தகைய பகுதிகளை எதிர்மறை மண்டலங்களாகக் குறித்துவைத்துக் கடன் தரத் தயங்குவதை, முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழுவே 2006-இல் பதிவு செய்தது. வீடு மறுக்கப்பட்டதோடு தொல்லை நிற்பதில்லை.

சட்டம் இங்கே கைகொடுப்பதில்லை. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, சாலை ஆகியவற்றைச் சொல்கிறது. தனியார் வாடகை வீட்டைச் சொல்லவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுதிய பிறகு எழும் தகராறுகளைத்தான் பார்க்கிறது. மதத்தைக் காட்டி ஒப்பந்தமே மறுக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடம் போக வழியில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்: மதம், சாதி காரணமாக வாடகைக்கு மறுப்பதும், அப்படி விளம்பரம் செய்வதும், புரோக்கர் வடிகட்டுவதும் குற்றம், புகாரை வாடகை அதிகாரியே விசாரிக்கலாம். 'என் வீட்டில் யாரை வைப்பது என்பது என் உரிமை' என்பவர்களுக்கு, வீடு தருவதில் பாகுபாட்டைத் தடை செய்யும் அமெரிக்காவின் 1968 வீட்டுவசதிச் சட்டத்தில் பதில் இருக்கிறது. உரிமையாளரும் குடியிருக்கும், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்துக்கு அது விலக்கு அளிக்கிறது. பாகுபாடான விளம்பரத்துக்கு மட்டும் அங்கும் விலக்கு இல்லை.

நிரூபிப்பது கடினம் என்பார்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே அளவு குடும்பம் உள்ள இருவர், பெயர் மட்டும் வேறாக, ஒரே நாளில் அதே எண்ணுக்குப் பேசட்டும். முஸ்லிம் பெயர்க்காரர் முதலில் பேச வேண்டும். மற்றவர் முதலில் பேசினால், வீடு நிஜமாகவே அவருக்குப் போய்விட்டது என்று வாதாட இடம் கிடைத்துவிடும். பேசிய நேரத்தையும் கிடைத்த பதிலையும் உடனே எழுதிவைக்க வேண்டும். இத்தகைய சோதனையைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பதையும் அந்தப் பிரிவிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை